பழைய பைக் வாங்கி ஆர்.சி.யில் பேர் மாற்றுவது: ஹெச்.பி. (லோனுக்கான அடமானப் பதிவு) இருந்தால் முதலில் அதை முடியுங்கள்

திண்டுக்கல்லில் ஒரு அண்ணனிடம் 2015 மாடல் ஸ்ப்ளெண்டர் வாங்கினேன். புரோக்கர் இல்லை, ஆட்டோ கன்சல்டிங் இல்லை. அவர் வீட்டு வாசலிலேயே பேசி முடித்த வண்டி. ஆர்.சி. என் பேருக்கு மாற இரண்டரை மாதம் ஆகிவிட்டது. இதில் நிறைய நாள் ஃபைனான்ஸ் கம்பெனி காகிதங்களுக்காகப் போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்குபவர், விற்பவர், வண்டி நம்பர் மூன்றுமே தமிழ்நாடு என்ற கணக்கில் எழுதியது இது. வேறு மாநில வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் தரும் ஃபார்ம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வரி என்று பாதையே வேறு.

1. பணம் கொடுக்கும் முன்

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று வரும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியும் தெரியும். பாக்கி இருந்தால் விற்பவரையே கட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஆர்.சி.யைக் கையில் வாங்கி, அதில் ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

2. ஹெச்.பி. கேன்சல்

லோன் கட்டி முடித்தால் ஆர்.சி.யில் இருந்து ஃபைனான்ஸ் பேர் தானாகப் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. வண்டியின் ஓனர் விண்ணப்பித்து நீக்க வேண்டும். அது நீங்காமல் பேர் மாற்றப் போனால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதம் கேட்பார்கள்.

அண்ணன் 2017-லேயே லோனை முடித்துவிட்டார். அப்போது ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த என்.ஓ.சி. பற்றிக் கேட்டேன். "என்.ஓ.சி. பத்திரமா இருக்கு தம்பி" என்று பீரோவில் இருந்து எடுத்துக் காட்டினார். லேமினேஷன் செய்து வைத்திருந்தார். மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி: வழங்கிய தேதியிலிருந்து 90 நாள் செல்லும். அதோடு, ஹெச்.பி. முடிந்தது என்று தெரிவிக்கும் ஃபார்ம் 35, ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்தும் சீலுமாக இரண்டு பிரதி வேண்டும். அது அவரிடம் இல்லவே இல்லை.

திண்டுக்கல் கிளையை மூடிவிட்டார்கள். மதுரைக் கிளையில் லோன் நம்பர் கேட்டார்கள். நல்லவேளை, அந்த லேமினேட் காகிதத்தின் தலைப்பில் அது இருந்தது. புது என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அவை வந்ததும் அண்ணன் பேரிலேயே ஹெச்.பி.யை நீக்கி, அதன் பிறகுதான் பேர் மாற்றத்துக்குப் போனோம். விற்பவரிடம் இந்த இரண்டு காகிதமும் வரும் வரை கொஞ்சம் தொகையை நிறுத்தி வையுங்கள். நானாக இருந்தால் இப்போது கால் பங்காவது நிறுத்துவேன்.

3. ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி., பதிவில் உள்ள மொபைல் நம்பருக்குத்தான் போகும். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் செத்துப்போன நம்பராக இருக்கும். மொபைல் நம்பர் மாற்ற அங்கேயே வசதி உண்டு. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பதிவு தேதி, பதிவு முடியும் தேதி நான்கும் சரியாக வேண்டும். விற்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய இப்போதைய நம்பரை ஏற்றிவிடுங்கள். போனில் செய்யாதீர்கள், பாதியில் பக்கம் நின்றுபோகும். கம்ப்யூட்டர்தான் சரி.

4. விண்ணப்பம்

பேர் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து விவரம் கொடுத்தால் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 வரும். ஃபார்ம் 29 விற்பவர் கொடுக்கும் தகவல், இரண்டு பிரதி எடுங்கள். ஃபார்ம் 30 வாங்குபவரின் விண்ணப்பம். பைக்குக்குப் பேர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். அதற்கு மேல் கார்டு, சேவைக் கட்டணம் சேரும். முகவரியைக் கவனமாக அடியுங்கள், ஆர்.சி. ஸ்பீடு போஸ்டில்தான் வரும். விற்பவர் கையெழுத்து பழைய ஆவணங்களில் உள்ளது போலவே இருக்கட்டும்.

சட்டப்படி விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர் வர இழுத்தடித்தால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: வண்டி எத்தனை கை மாறினாலும், விபத்து நடந்தால் பதிவில் பேர் உள்ளவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அண்ணன் அதைக் கேட்ட மறுநாளே லீவு போட்டு வந்தார்.

5. சேசிஸ் நம்பர் பென்சில் பதிவு

ஃபார்மில் இதை ஒட்டச் சொல்வார்கள். ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் நம்பர் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். நம்பர் மேல் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரித்து ஃபார்மில் ஒட்டுங்கள். எழுதும் பென்சில் வேண்டாம். படம் வரையும் 4பி பென்சில் வாங்குங்கள், எழுத்து கருகருவென்று விழும். நான்கைந்து பதிவு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

6. இன்ஷூரன்ஸ்

ஆர்.சி.யில் பேர் மாற்றுவது மட்டும் போதாது. விற்ற 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி வராது, கிளெய்ம் தள்ளுபடி ஆகலாம். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. அதனால் விற்றவர் பெற்ற தள்ளுபடித் தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உங்களிடம் கேட்பார்கள், அது நியாயம்தான்.

பின்சேர்க்கை: ஓனர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார், என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மகன் கையெழுத்து போட்டுக் கொடுக்கும் ஃபார்ம் 29 செல்லாது. முதலில் ஃபார்ம் 31-ல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஆர்.சி.யில் மகன் பேர் ஏறிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.