நாய்க்கு முதுகு டிஸ்க்கா? எக்ஸ்ரே கிளியர்னு நம்பி உக்காந்துடாதீங்க

மண்டபம், கீழக்கரை பக்கம் டேஷண்ட், பீகிள் ஜாதி நாய் வளக்குறவங்க பாத்துருப்பீங்க, நேத்து வரைக்கும் கடற்கரைல ஓடுன நாய் காலைல பின்னங்காலை இழுத்துட்டு வரும், உடனே தூக்கிட்டுப் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு "எலும்பு முறியல, ஒன்னுமில்ல"ன்னு திரும்பிடுறாங்க. மொத தப்பு இதான். சாதா எக்ஸ்ரேல எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது, முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் பிதுங்கி அதை அழுத்துறதும் தெரியாது. அடிபட்டு முறிஞ்சிருக்கா, எலும்புல சீழ் பிடிச்சிருக்கான்னு பாக்கத்தான் அது.

இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு. படத்துல ஒரு டிஸ்க் சுண்ணாம்பு பிடிச்சு வெள்ளையா தெரிஞ்சா அதான் காரணம்னு முடிவு கட்டிடுறது. டேஷண்ட்டுக்கு நல்லா ஓடி ஆடுற ரெண்டு வயசுலயே அப்படி சில டிஸ்க் இருக்கலாம், இப்ப நரம்பை அழுத்துறது வேற ஒன்னா இருக்கும். அதனால படத்துக்கு முன்னாடி டாக்டர் கைவச்சுப் பாக்கணும், பாதத்தை மடக்கி வச்சா நாய் நேரா திருப்பி வைக்குதா, விரலை அழுத்திப் பிடிச்சா திரும்பிப் பாக்குதா, கத்துதா? காலை மட்டும் இழுத்துக்கிட்டா அத நம்பாதீங்க, அது வெறும் ரிஃப்ளெக்ஸ், வலி தெரியாமலே கால் தானா இழுத்துக்குறது. வலியே தெரியலன்னா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும், நாளைக்குப் பாப்போம்னு விடக்கூடாது.

முழிச்சிருக்குற நாயை நாலு பேரு அமுக்கிப் பிடிச்சு படம் எடுக்குறதும் வேணாம், முதுகு கோணலா விழுந்தா எலும்புகளுக்கு நடுவுல இடைவெளி கொறஞ்ச மாதிரி பொய்யா காட்டும். எம்ஆர்ஐன்னா மயக்கம் குடுத்தே ஆகணும். தண்டுவடத்தையே காட்டுறதால அதான் பெஸ்ட், சுண்ணாம்பு பிடிச்ச டிஸ்க் வெடிச்சிருந்தா சிடி ஸ்கேனும் சீக்கிரம் காட்டிடும். ஆனா நடக்குற நாய், வலி மட்டும்தான்னா கூண்டுல அடைச்சு சில வாரம் ரெஸ்ட் குடுத்தே பாக்கலாம், ஆபரேஷன் பண்ற யோசனையே இல்லாதவங்க ஸ்கேனுக்குக் காசைக் கொட்டி என்ன பண்ணப் போறீங்க.

திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை கல்லூரியோ மதுரையோ, எங்க போனாலும் கெளம்புறதுக்கு முன்னாடி போன் போட்டு என்ன ஸ்கேன் இருக்கு, மயக்க டாக்டர் இருக்காரான்னு கேட்டுக்கோங்க. பைக்ல மடில வச்சு குலுக்கிட்டுப் போகாதீங்க, கழுவுன மீன் பொட்டில துணி விரிச்சுப் படுக்க வச்சு கார்ல கொண்டு போங்க. ஏற்கனவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா அங்க மறக்காம சொல்லணும், அதுக்கு மேல வலி மாத்திரையும் சேந்துச்சுன்னா வயித்துல புண்ணு வந்து ரத்தமாப் போகும்.