ஹனுக்கா காசு: குழந்தைகள் கையில் எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

யூத நண்பர் வீட்டில் ஹனுக்கா என்ற விளக்குத் திருநாளுக்கு மாலையில் வரச்சொல்லி அழைத்திருக்கிறார்கள். வீட்டில் மூன்று வாண்டுகள். வெறுங்கையோடு போக உங்களுக்கு மனமில்லை. அல்லது யூதக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டு, இந்த ஆண்டு முதன்முறையாகக் காசு கொடுக்கும் பெரியவர் வரிசையில் வந்து நிற்கிறீர்கள். இரு சாராருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காசுக்கு 'கெல்ட்' என்று பெயர். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் கெல்ட் என்றால் பணம், அவ்வளவுதான். ஹீப்ருவில் 'த்மே ஹனுக்கா' என்பார்கள். தொடக்கத்தில் இது குழந்தைகளுக்கு உரிய காசாக இருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் ஹனுக்கா சமயத்தில் வேதம் சொல்லித்தரும் ஆசிரியருக்குப் பெற்றோர் பணம் கொடுத்தனுப்புவார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான் பிள்ளைகளுக்கு. தூக்கிச் சென்ற பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வேண்டாமா? அப்படித்தான் காசு அவர்கள் பைக்குள் இறங்கியது. ஹீப்ருவில் 'ஹனுக்கா' (அர்ப்பணிப்பு), 'ஹினுக்' (கல்வி) ஆகிய இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்று என்பதால் இந்த ஆசிரியர் தொடர்பைப் பெரியவர்கள் விரும்பிச் சொல்வார்கள். ஏழைச் சிறுவர்கள் ஹனுக்காவில் வீடு வீடாகச் சென்று காசு வாங்கும் வழக்கத்தை 17ஆம் நூற்றாண்டுப் போலந்து அறிஞர் அவ்ரஹாம் கோம்பினர் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே இது ஒரு கையில் தங்கிவிடாமல் அடுத்த கைக்குப் போகும் காசு. கீழே சொல்லும் படிகளில் பாதிக்குக் காரணம் இதுதான்.

படி 1: எந்த இரவு என்று முடிவு செய்யுங்கள்

ஹனுக்கா எட்டு நாள் திருநாள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கஸ் என்ற செலூக்கிய அரசனை எதிர்த்து மக்கபேயர் என்ற யூதக் குடும்பத்தினர் கிளர்ந்தெழுந்து, எருசலேம் ஆலயத்தை மீட்டு மறுபடி அர்ப்பணித்ததன் நினைவு. ஆலய விளக்கில் ஒரு நாளைக்குத்தான் காணும் என்றிருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது மரபு.

ஹீப்ரு நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கும். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2024இல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது, 2026இல் டிசம்பர் 4 மாலையே தொடங்குகிறது. யூத நாள் பொழுது சாய்ந்ததும் பிறக்கிறது என்பதை மறந்துவிட்டு மறுநாள் காலையில் போய் நிற்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது வெள்ளி இரவு. யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான ஷப்பாத் வெள்ளி பொழுது சாய்வதற்குச் சற்று முன் தொடங்கிச் சனிக்கிழமை இருட்டும் வரை நீடிக்கிறது. மரபைக் கடைப்பிடிக்கும் வீட்டில் அப்போது பணத்தைத் தொடவே மாட்டார்கள். நீங்கள் அன்போடு நீட்டிய உறையைக் குழந்தை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அம்மா முகத்தைப் பார்க்கும். 2026இல் முதல் இரவும் எட்டாம் இரவும் வெள்ளிக்கிழமையிலேயே விழுகின்றன.

குழப்பமே வேண்டாம் என்றால் ஐந்தாம் இரவைத் தேர்ந்தெடுங்கள். ஹீப்ரு நாட்காட்டியின் கணக்குப்படி ஐந்தாம் இரவு ஒருபோதும் ஷப்பாத்தில் வராது. யூதப் பக்தி இயக்கமான ஹசீதியத்தில் சபாத் என்னும் பிரிவினர் ஐந்தாம் இரவில் காசு கொடுப்பதைச் சிறப்பாகக் கருதுகிறார்கள். இரவுக்கு ஒன்றாகக் கூடும் எட்டு விளக்குகளில் ஐந்து எரிந்தால் எரிபவை எரியாதவற்றை மிஞ்சிவிடுகின்றன என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. 2026இல் அது டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமை மாலை.

படி 2: எவ்வளவு?

குறைவாக. எவ்வளவு குறைவு என்று கேட்டால், குழந்தை எண்ணிப் பார்த்து மகிழும் அளவு, பெற்றோர் திருப்பிச் செய்ய வேண்டுமே என்று கவலைப்படாத அளவு. இஸ்ரேலில் என்றால் 5, 10 ஷெக்கல் நாணயங்கள் சரியாக இருக்கும். சிறு குழந்தைக்குத் தாளை விட நாணயமே மேல். கனமும் சத்தமும் இல்லாத காசு அதற்குக் காசே இல்லை.

பலர் 18இன் மடங்கில் கொடுப்பார்கள். ஹீப்ரு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'உயிர்' என்று பொருள்படும் 'ஹாய்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். வளர்ந்த பிள்ளைக்கு 18 டாலர் கொடுத்தால் காரணம் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

இஸ்ரேலியச் சில்லறை கிடைத்தால் ஒரு 10 அகோரா நாணயத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஷெக்கலில் பத்தில் ஒரு பங்கு, வாங்குவதற்கு ஒன்றும் வராது. ஆனால் அதில் இருக்கும் ஏழு கிளை விளக்கு, மக்கபேயர் வழிவந்த கடைசி அரசன் மத்தத்தியா அந்திகோனஸ் கி.மு. 40க்கும் 37க்கும் இடையில் அச்சிட்ட நாணயத்திலிருந்து எடுத்தது. 1958இல் இஸ்ரேல் வங்கி ஹனுக்கா காசாகக் கொடுக்கவென்றே நினைவு நாணயம் வெளியிட்டபோதும் இதே விளக்கைத்தான் பொறித்தது.

படி 3: சாக்லேட் காசு வாங்கும்போது

தங்கநிறத் தாளில் சுற்றிய சாக்லேட் காசு அமெரிக்காவில் 1920களில் இந்தப் பண்டிகைக்குள் நுழைந்தது. லாஃப்ட்ஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். சுவையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பாதிக்கு மேல் மெழுகுவர்த்தியைக் கடித்த மாதிரிதான் இருக்கும். குழந்தைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பொட்டலத்தில் கோஷர் (யூத உணவு விதிகளுக்கு ஏற்றது) என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு இன்னொன்று: யூத உணவு முறையில் இறைச்சியையும் பாலையும் கலக்க மாட்டார்கள். இறைச்சி விருந்து முடிந்ததும் பால் சாக்லேட்டை நீட்டினால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரம் காக்கும் குடும்பங்களும் உண்டு. 'பார்வே' என்று குறித்த, பால் சேராத கறுப்பு சாக்லேட் வாங்கினால் தப்பித்தீர்கள்.

படி 4: விளக்குக்குப் பிறகே காசு

ஹனுக்கியா என்ற விளக்கில் ஒன்பது இடங்கள். எட்டு இரவுகளுக்கு எட்டு. ஒன்பதாவது 'ஷம்மாஷ்', அதாவது மற்றவற்றை ஏற்றும் பணியாள் விளக்கு. முதல் இரவு ஒன்று, மறுநாள் இரண்டு என்று கூடும். வலப்புறத்திலிருந்து அடுக்குவார்கள், இடப்புறம் புதிதாகச் சேர்ந்ததை முதலில் ஏற்றுவார்கள். ஆசி மொழி, பாட்டு எல்லாம் முடியட்டும். குறைந்தது அரை மணி நேரம் விளக்குகள் எரியும். வாழைக்காய் பஜ்ஜிக்குக் காத்திருக்கும் பொறுமையோடு உருளைக்கிழங்கு லாட்கேயின் மணத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருங்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று வருகிறது. ஹனுக்கா விளக்கின் வெளிச்சத்தில் காசு எண்ணக் கூடாது என்று யூதச் சட்ட விவாத நூலான தால்முத் சொல்கிறது. அந்த ஒளி பார்ப்பதற்கு மட்டும், வேலைக்குப் பயன்படுத்துவதற்கு அல்ல. அதனால் அறை விளக்கைப் போட்டுக்கொண்டோ, சற்றுத் தள்ளி நின்றோ காசைக் கொடுங்கள். 'ஹக் ஹனுக்கா ஸமேயாஹ்' என்று வாழ்த்துங்கள். உச்சரிப்பு பிசகினால் குழந்தைகள் திருத்துவார்கள், அவர்களுக்கு அதில் தனி இன்பம்.

படி 5: காசை வைத்து ஆடுங்கள்

இத்திஷில் ட்ரெய்டல், ஹீப்ருவில் செவிவோன் என்று அழைக்கப்படும் நான்கு முகப் பம்பரம் வேண்டும். சாட்டை தேவையில்லை, விரலால் சுற்றிவிட்டாலே போதும். ஆளுக்குப் பத்துச் சாக்லேட் காசு. ஒவ்வொருவரும் ஒன்றை நடுவில் போட்டுவிட்டு முறை வைத்துச் சுற்றுங்கள். விழும் முகத்தைப் பாருங்கள்:

நூன் – ஒன்றும் இல்லை.
கீமெல் – குவியல் முழுவதும் உங்களுக்கு.
ஹே – பாதி உங்களுக்கு.
ஷின் – நீங்கள் ஒன்று போட வேண்டும்.

குவியல் தீர்ந்தால் எல்லோரும் மறுபடி ஒவ்வொன்று போடுங்கள். அந்த நான்கு எழுத்துகள் 'பெரிய அற்புதம் அங்கே நிகழ்ந்தது' என்ற ஹீப்ரு வாக்கியத்தின் முதலெழுத்துகள். இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் ஷின்னுக்குப் பதில் 'பே' இருக்கும்: அங்கே அல்ல, 'இங்கே' நிகழ்ந்தது.

ஆட்டம் நியாயமானது அல்ல. இரண்டு பேருக்கு மேல் ஆடினால் முன்னால் சுற்றுகிறவருக்கே ஆதாயம் என்று 1976இல் ஒரு கணித இதழில் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே ஆகச் சிறிய குழந்தை முதலில் சுற்றட்டும், நீங்கள் கடைசி.

படி 6: ஒரு பங்கு வெளியே போகட்டும்

பல வீடுகளில் காசு கைக்கு வந்த சூட்டோடு குழந்தை அதில் ஒரு பங்கை 'செதாக்கா' எனப்படும் தர்ம உண்டியலில் போடும். பத்தில் ஒன்று என்பது பழைய அளவு. இதனால்தான் ஒற்றைத் தாளாகக் கொடுக்காமல் சில்லறையாகக் கொடுங்கள் என்கிறேன். ஒரே தாளில் பத்தில் ஒன்றை எப்படிக் கிழிப்பது? உண்டியலில் போடச் சொல்வது பெற்றோர் வேலை, விருந்தாளி வேலை அல்ல.

பொம்மை, புத்தகம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். எட்டு இரவும் எட்டுப் பரிசு என்பது கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வாழ நேர்ந்த அமெரிக்க யூதர்களிடம் 20ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. பரிசு என்றாலே அமெரிக்க இறக்குமதி என்று சொல்லிவிடவும் முடியாது. துனிசியா, லிபியா போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளின் யூதர்கள் ஹனுக்காவின் நடுவே வரும் தேவேத் மாதப் பிறப்பைப் 'பெண்பிள்ளைகள் திருநாள்' என்று கொண்டாடி, மகள்களுக்குப் பரிசு கொடுத்துவந்தார்கள். என்னைக் கேட்டால் எட்டுப் பொட்டலத்தை விட ஒரு கைப்பிடி நாணயமே மேல். ஆனால் வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: வெள்ளி மாலை போவதாக இருந்தால் பேட்டரியில் ஓடும் பொம்மை வேண்டாம். மரபைக் கடைப்பிடிக்கும் வீட்டில் ஷப்பாத்தில் அதை இயக்க மாட்டார்கள், சனிக்கிழமை இருட்டும் வரை அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். குழந்தை பெட்டியையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.