சபையைக் கேள்வி கேட்பவர்கள் ஜெபத்தைக் கைவிடாதிருக்க

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, தாம் கொண்டுவந்து படைத்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் கூடை நானூறு ரூபாய்க்குப் போனதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பணம் எதுக்குப்பா போவுது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சபையை நிர்வகிக்கும் கமிட்டியில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். தேவனுடைய காரியத்தில் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை நான் அப்படியே நம்பியதுதான் என் பிழை. அவிசுவாசியான எனக்கு ஜெபம் எதற்கு என்று எண்ணி, ஏறக்குறைய ஆறு மாதம் வேதாகமத்தைத் திறக்காமலே இருந்துவிட்டேன். அதே நிலையில் இருப்பவர்களுக்காக, பிற்பாடு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் எளிதில் வருகிறது. 1853இல் அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து ஆலயம், பள்ளிக்கூடம், விடுதி, மருத்துவமனை என்று எல்லாமே மிஷனைச் சுற்றித்தான் வளர்ந்தன. தாத்தா எழுத்தறிந்ததும் அப்பாவுக்கு வேலை கிடைத்ததும் அவர்களை அடக்கம் செய்ததும் ஒரே வேலிக்குள் நடந்திருக்கும்போது, நிர்வாகத்தைக் குறித்து ஒரு வார்த்தை பேசினாலும் பெற்றோரையும் கடவுளையும் சேர்த்துப் பழித்துவிட்டதுபோல் மனம் பதறுகிறது.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாரை நோக்கியது என்று குறியுங்கள். ஆயரையா, கமிட்டியையா, பேராயர் தலைமையிலுள்ள பேராயத்தையா, ஒரு போதனையையா, அல்லது உண்மையிலேயே கடவுளையா? நான் எழுதிப் பார்த்தபோது இரண்டு பக்கம் நிரம்பியது. கடவுளை நோக்கிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் என் தங்கையின் நோயைப் பற்றியது. மற்றவற்றுக்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள்.

அந்த மனிதர்களிடம் கேட்பதற்கு அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது முதல் எழுதப்பட்ட சட்டதிட்டங்களின்படியே இயங்குகிறது. ஊர் அளவில் சேகரக் கமிட்டி, அதற்கு மேல் பேராய மன்றம், திருச்சபை முழுவதற்கும் சினாடு என்று படிகள் உள்ளன. கேள்வியை வாய்மொழியாகச் சொல்லாமல், தேதியிட்டு எழுதி, இன்னும் ஒருவரோடு சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். சந்தாவை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். பாக்கி வைத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து விடுபட்டால், கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும். அதற்குமேல் கொடுக்க விரும்புவதை, தேவையில் இருக்கும் ஒரு வீட்டுக்கு நேராகக் கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

ஒரு காரியத்தை மட்டும் இந்தப் படிகளில் ஏற்றவே கூடாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் "சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

எல்லாவற்றிலும் அதிகமாக வலிப்பது சாதி. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்கள், பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது முதலில் விசாரிப்பது எந்தத் தெரு, எந்த வகையறா என்பதைத்தான். கமிட்டித் தேர்தலிலும் அதே கணக்கு ஓடுகிறது. இதைக் கண்டு, கிறிஸ்துவே பொய் என்று முடிவுகட்டியவர்களை நான் அறிவேன். அவர்கள் வேதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அதை எல்லோருக்கும் முன்பாக முகத்துக்கு நேராகக் கண்டித்தார். சுவிசேஷத்தின் பெயராலேயே கண்டித்தார். சபை தோன்றிய முதல் தலைமுறையிலேயே, அதன் தலைவர் ஒருவரிடம், பந்தியைப் பிரித்தது ஏன் என்ற கேள்வி விசுவாசத்திலிருந்து எழுந்திருக்கிறது. உங்கள் கேள்வியும் அந்த வரிசையில் நிற்கிறது என்று தெரிந்தபின் ஜெபிப்பது எளிதாகும்.

ஜெபத்துக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்குங்கள். எனக்கு அது, பகலின் சூடு இன்னும் தளத்தில் மிச்சமிருக்கும் இரவு ஒன்பது மணி மொட்டைமாடி. சொற்கள் வராத நாட்களில் 13ஆம் சங்கீதத்தையும் 88ஆம் சங்கீதத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலுக்கும் வராமல் இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்துக்குள்ளேயே இடம்பெற்றிருப்பது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையின் ஒற்றை வசனத்தோடு நிற்காமல் அதிகாரங்களைத் தொடர்ச்சியாகப் படிப்பதும் அவசியம். இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றிக் காணிக்கைப் பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். லூக்கா 21இல் வரும் அந்தப் பகுதிக்குச் சற்று முன்னே, 20ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை இயேசு எச்சரிக்கிறார். அதிகாரப் பிரிவுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் போடப்பட்டவை. இரண்டையும் சேர்த்து வாசித்த இரவில் எனக்குக் கத்தரிக்காய்க் கூடையும் அந்தப் பாட்டியின் முகமும் நினைவுக்கு வந்தன.

தனியாக இருந்து இதைத் தாங்குவது கடினம். இரண்டு மூன்று பேர் ஒரு வீட்டில் கூடி வாசித்தாலும் போதும். 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசன், பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியபோது, மிஷனின் வார்ப்புக்குள் அடங்காமலே கிறிஸ்துவைப் பின்பற்ற ஒரு வழியைக் கண்டார்கள். திராவிடக் கோயில் அமைப்பில் கட்டிய அவர்களது ஜெபாலயத்தை ஒருமுறையேனும் போய்ப் பார்த்துவர வேண்டும். சபையை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், போகிற இடத்தில் கணக்கு காட்டுகிறார்களா, போதகரைக் கேள்வி கேட்க முடிகிறதா என்று முன்னதாகவே விசாரியுங்கள். ஒரே மனிதர் வைத்ததே சட்டம் என்றிருக்கும் ஜெபவீட்டில் பழைய காயம் இன்னும் ஆழமாகும்.

கோபம் தணியாத ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிருந்து எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் மூன்று மாதம் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு, அன்று பதில் சொன்ன அதே கமிட்டி அங்கத்தினரின் வீட்டுக்குப் போய், அவர் சொன்னது என்னை எவ்வளவு புண்படுத்தியது என்பதைச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, காபி கொடுத்தார். கணக்கு கேட்ட கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை. அடுத்த ஞாயிறு அவருக்கு இரண்டு பேர் தள்ளி நானும் முழங்கால்படியிட்டேன்.