இளம் விண்மீன் எவ்வளவு விழுங்குகிறது: கணக்கு சறுக்கும் இடங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு டி டாரி விண்மீன்களை (சுற்றியுள்ள வட்டிலிருந்து இன்னும் வாயுவை விழுங்கும் இளம் விண்மீன்களை) எடுப்பவர்கள் பெரும்பாலும் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். அலைநீளத் திருத்தம், ஃப்ளாட் திருத்தம் (கருவியின் சீரற்ற உணர்திறனைச் சரிசெய்வது) விட்டுப்போனால் கைடே பிடித்துவிடுவார். அவரும் சில சமயம் கவனிக்காமல் விடுபவை இவை.

சமான அகலத்தையே வீதம் என்று எழுதுவது

சமான அகலம் என்பது பின்னணி ஒளியோடு ஒப்பிட்டால் நிறமாலைக் கோடு எவ்வளவு வலுவானது என்ற அளவு; வீதம் என்பது விண்மீன் வருஷத்துக்கு எவ்வளவு நிறையை விழுங்குகிறது என்பது. வட்டின் உள்விளிம்பு விண்மீனைத் தொடுவதில்லை. விண்மீனின் ஆரத்தைப்போல் சுமார் 5 மடங்கு தூரத்திலேயே அதன் காந்தப்புலம் அதை மறித்துவிடும். அங்கிருந்து வாயு காந்தக் கோடுகள் வழியே நொடிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் பரப்பில் வந்து மோதும். 6563 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இடத்தில் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு அகன்று தெரிவது அதனால்தான். இதுவரை எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள்.

அடுத்து வரும் அட்டவணையில்தான் கோளாறு. கே5 விண்மீனுக்குச் சமான அகலம் 8 ஆங்ஸ்ட்ராம், எம்4 விண்மீனுக்கு 18 (கே, எம் என்பவை வெப்பநிலை வகைகள்; எம் குளிர்ந்தது, மங்கலானது). ஆகவே எம்4 அதிகம் விழுங்குகிறதாம்! தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு விளக்கு ராத்திரி பளிச்சென்று தெரியும், நடுப்பகலில் கண்ணுக்கே படாது. விளக்கு அதேதான். சமான அகலமும் அப்படித்தான்: பின்னணி ஒளி மங்கினால் எண் தானாக ஏறும். கே5-இன் பின்னணி 10 மடங்கு பிரகாசம் என்றால் கோட்டின் ஒளி 80-க்கு 18.

அந்த எம்4 எதையும் விழுங்காமலே இருக்கலாம். நிறமண்டலத்தின் (விண்மீன் பரப்புக்கு மேலுள்ள வாயு அடுக்கின்) கொந்தளிப்பே அவ்வளவு காட்டும். இதைத் தாண்டினால்தான் விழுங்கல் என்று சொல்லும் சமான அகல வரம்பு வகைக்கு வகை மாறும்: கே0–கே5-க்கு 3, கே7–எம்2.5-க்கு 10, எம்3–எம்5.5-க்கு 20, எம்6–எம்7.5-க்கு 40 ஆங்ஸ்ட்ராம். எல்லாவற்றுக்கும் 10 என்று ஒரே கோடு கிழிப்பதுதான் எரிச்சல். சந்தேகம் வந்தால் உச்சியின் 10 சதவீத உயரத்தில் கோட்டின் அகலத்தை அளக்கவும்; நொடிக்கு 270 கிலோமீட்டரைத் தாண்டினால் வாயு விழுகிறது என்று நம்பலாம்.

வீதம் வேண்டுமானால் குறுக்குவழி கிடையாது. சமான அகலத்தைத் தூசித் திருத்தம் செய்த (இடையிலுள்ள தூசி மங்கவைத்ததை ஈடுகட்டிய) பின்னணி ஒளியால் பெருக்கி, தூரத்தைச் சேர்த்துக் கோட்டின் ஒளிர்திறனை எடுக்கவும். அதிலிருந்து மோதல் ஒளிர்திறன் (வாயு மோதுவதால் வரும் மொத்த ஒளி). அதை விண்மீனின் ஆரத்தாலும் 1.25-ஆலும் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் விண்மீனின் நிறையாலும் வகுக்கவும். அந்த 1.25 வருவது மேலே சொன்ன 5 ஆரத்திலிருந்து. பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தூசித் திருத்தத்தில் அசட்டை

புற ஊதா மிகையை (வாயு மோதுவதால் கூடுதலாக வரும் புற ஊதா ஒளியை) வைத்து அளப்பவர்களுக்கு: தூசித் திருத்தத்தில் வி பட்டையில் (பச்சை-மஞ்சள் ஒளி) 1 மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாச அலகு) பிழை, யு பட்டையில் (புற ஊதா) சுமார் 1.5 ஆகும். வீதம் 4 மடங்கு மாறிப்போகும்.

ஒரு ராத்திரி அளவை ஆயுசுக்கும் நீட்டுவது

வழக்கமான வீதம் வருஷத்துக்குச் சூரிய நிறையில் 10 கோடியில் ஒரு பங்கு. இதைப் 10 லட்சம் வருஷத்தால் பெருக்கினாலும் சூரியனில் நூறில் ஒரு பங்குதான் தேறும். விண்மீன் அதன் நிறையில் பெரும்பகுதியைத் தூசிக் கூட்டுக்குள் மறைந்திருந்தபோதே சேர்த்துவிட்டது. வீதம் சீராகவும் இருப்பதில்லை: எஃப்யூ ஓரியானிஸ் என்ற இளம் விண்மீனின் பிரகாசம் 1936-37-இல் திடீரென 6 மேக்னிட்யூட் ஏறியதையும் மறக்க வேண்டாம்.

கார்த்திகையில் காவலூர் வானாய்வகத் தொலைநோக்கி நேரம் கேட்பது

டி டாரி விண்மீன்கள் பல இருக்கும் ரிஷப ராசியின் ரோகிணி அப்போது நள்ளிரவில் உச்சிக்கு வரும். மழையும் வரும். ஜனவரி, பிப்ரவரி முன்னிரவு கேளுங்கள்.