ட்ரிம் வேலைக்கு பட்ஜெட் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

கதவு நிலையைச் சுற்றி வரும் பட்டை, தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கார்னிஸ், சுவரில் கட்டம் கட்டமாக ஒட்டும் பீடிங் எல்லாம் சேர்ந்ததுதான் ட்ரிம். வீட்டுச் செலவுப் பட்டியலில் இதற்குக் கடைசி வரிதான் கிடைக்கும். "நாலு பட்டை அடிக்கிற வேலைதானே" என்று ஒரு தொகையை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அந்தத் தொகையும் பெரும்பாலும் ஒரே வழியில் வந்திருக்கும்: மொத்தம் எத்தனை அடி, அடிக்கு எவ்வளவு, இரண்டையும் பெருக்கு.

கணக்கு இடிப்பது அங்கேதான். மரம் அடிக்கணக்கில் வருகிறது, சரி. ஆனால் தச்சரின் நேரம் அடிக்கணக்கில் போவதில்லை. நேரான சுவரில் பட்டை அடிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். அவர் நின்று நிதானிப்பது மூலைகளில். காகிதத்தில் எல்லா மூலையும் 90 டிகிரி. நிஜச் சுவரில் பூச்சு மூலையில் கொஞ்சம் தடித்திருக்கும், 89 இருக்கும், 92 இருக்கும். இரண்டு துண்டையும் 45 டிகிரியில் வெட்டி வைத்தால் வாய் பிளந்து நிற்கும். அதனால் உள்மூலையில் நல்ல தச்சர்கள் ஒரு துண்டைச் சுவர்வரை நேராக ஓட்டிவிட்டு, அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்கு ஏற்றபடி அறுத்து மேலே உட்காரவைப்பார்கள். மெதுவான வேலை. ஆனால் பின்னால் மரம் சுருங்கினாலும் இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. நான்கு பக்கமும் தெரிகிற ஒரு தூண், நீளத்தில் சின்னதாக இருந்தாலும், பெரிய வெற்றுச் சுவரைவிட அதிக நேரம் வாங்கிவிடும். எனவே அளவெடுக்கும்போது அடியோடு சேர்த்து உள்மூலை எத்தனை, வெளிமூலை எத்தனை, கதவு ஜன்னல் எத்தனை என்றும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் கொடுப்பவர் இதையெல்லாம் எண்ணவே இல்லையென்றால், அவர் சொல்லும் விலை ஏறப்போகிறது என்று பொருள்.

கார்னிஸில் இன்னொரு கண்ணி உண்டு. படத்தில் கம்பீரமாகத் தெரிகிற பல கார்னிஸ்கள் ஒரே மரம் அல்ல. இரண்டு மூன்று பட்டைகளை அடுக்கிச் செய்தவை. அறையைச் சுற்றி 40 அடி என்றால் மூன்று அடுக்குக்கு 120 அடி மரம், மூலை வெட்டும் மூன்று மடங்கு. தாழ்ந்த கூரை உள்ள அறையில் இவ்வளவு பெரிய கார்னிஸ் தலையில் இடிப்பது போலத் தெரியும் என்பது வேறு விஷயம்.

சேதாரம்

பொதுவாகச் சேதாரத்துக்கு 10 முதல் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். மோசமான அறிவுரை இல்லை, ஆனால் மரம் என்ன நீளத்தில் வருகிறது என்று பார்க்காமல் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கணக்கு பாருங்கள். ஐந்து கதவு, இரண்டு பக்கமும் பட்டை, ஆக பத்து முகம். ஒரு முகத்துக்கு 7 அடியில் இரண்டு நிற்கும் பட்டை, மேலே 3 அடியில் ஒன்று: 17 அடி. பத்துக்கு 170 அடி. 10 சதவீதம் சேர்த்தால் 187. திருப்தியாக ஆர்டர் கொடுத்துவிடுவோம்.

மரம் 8 அடித் துண்டாகத்தான் வருகிறது என்று வையுங்கள். நிற்கும் பட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் துண்டு போய்விடும். மிஞ்சும் ஓரடி எதற்கும் உதவாது. அதற்கே 20 துண்டு. மேல் பட்டைகள் ஒரு துண்டில் இரண்டு வரும், அதற்கு 5. மொத்தம் 25 துண்டு, அதாவது 200 அடி. சேதாரம் போட்ட பிறகும் 13 அடி குறைகிறது. இன்னும் ஒரு வெட்டுகூடத் தப்பவில்லை! கொட்டேஷனில் எத்தனை அடி என்பதோடு எத்தனை துண்டு, என்ன நீளம் என்றும் எழுதச் சொல்லுங்கள். கூலி, ஒட்டிய நீளத்துக்கா வாங்கிய நீளத்துக்கா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

பெயின்டா பாலிஷா என்பதைக் கடைசியில் முடிவு செய்வது

நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். உண்மையில் மரத்தின் விலையையும் கூலியையும் ஒருசேர நிர்ணயிப்பது இந்த முடிவுதான். பெயின்ட் அடிப்பதென்றால் மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை போதும், சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி இணைத்த பைன் மரமும் போதும். மூலையில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் பட்டி வைத்து மூடிவிடலாம். பாலிஷ் என்றால் ஒளிக்க இடமே இல்லை. இழையும் நிறமும் ஒத்துப்போகிற நல்ல மரமாகப் பொறுக்க வேண்டும், ஒவ்வொரு இணைப்பும் இறுக்கமாக உட்கார வேண்டும். தச்சர் அதிகம் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், பணம் இறுக்கமாக இருக்கும்போது வீடு முழுக்க பாலிஷ் வேண்டாம்; வாசலில் நுழைந்ததும் தெரிகிற கூடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறைகளுக்கு எளிய பட்டையும் பெயின்டும் போதும். எம்.டி.எஃப் பற்றி ஒரே எச்சரிக்கை: தண்ணீர் பட்டால் ஊதிவிடும். குளியலறை வாசலிலும் அடிக்கடி ஈரத்துணி போட்டுத் துடைக்கிற தரையோரத்திலும் அதை வைத்தால், மிச்சம் பிடித்த பணத்துக்கு மேலேயே செலவு வரும்.

பெயின்ட் செலவே பட்டியலில் இல்லாமல் போவதும் நடக்கும். தச்சரின் கொட்டேஷன் பெரும்பாலும் ஆணி அடிப்பதோடு முடிந்துவிடும். ஆணித் துளையை அடைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர், இரண்டு கோட்டிங், சுவரோர இடைவெளியில் சீலன்ட் இவையெல்லாம் யார் தலையில்? தச்சர் பெயின்டர் வேலை என்பார், பெயின்டர் சுவருக்குத்தான் பேசினேன் என்பார்.

ஸ்பெஷல் டிசைன்

பழைய வீட்டில் இருக்கும் அதே வளைவில் புதுப்பட்டை வேண்டும் என்றாலோ, நீங்களே ஒரு டிசைன் வரைந்து கொடுத்தாலோ, மரம் இழைக்கும் பட்டறையில் அந்த வடிவத்துக்கென்றே ஒரு வெட்டுக் கத்தியைத் தீட்ட வேண்டியிருக்கும். அதன் செலவும் மெஷினைச் செட் செய்யும் செலவும் 20 அடிக்கும் ஒன்றுதான், 500 அடிக்கும் ஒன்றுதான். ஒரே ஓர் அறைக்கு ஸ்பெஷல் வளைவு கேட்டால் அடிவிலை பயமுறுத்துவது இதனால்தான். அந்த வளைவு அவசியம் வேண்டுமென்றால் மொத்த வீட்டுக்கும் ஒரே தடவையில் இழைத்து வாங்குங்கள், பின்னால் ரிப்பேருக்கு ஆகும் என்று நாலைந்து துண்டு கூடுதலாகவும். கத்தி யாரிடம் இருக்கும், அடுத்த முறை அதற்குத் திரும்பக் காசு கேட்பார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோட்டைவிட்டது இன்னொரு இடத்தில். எங்கள் வீட்டு நடையில் கதவுப் பட்டைகள் ஏற்கெனவே 12 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தன. ஸ்கர்ட்டிங் மட்டும் மாற்றினேன். கடையில் கையில் எடுத்துப் பார்த்தபோது கனமாக, பிடித்திருந்தது என்று 18 மில்லிமீட்டர் வாங்கிவிட்டேன். ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு கதவுப் பக்கத்திலும் ஸ்கர்ட்டிங்கின் முனை 6 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஸ்கர்ட்டிங் எப்போதும் கதவுப் பட்டையைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். அல்லது இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும்விடத் தடியான ஓர் அடிக்கட்டை வேண்டும். நாலு கதவுக்கு எட்டு கட்டை செய்து, பழைய பட்டைகளின் அடியை அறுத்து, பெயின்டரைத் திரும்பக் கூப்பிட்டு... அந்த 6 மில்லிமீட்டருக்கு ஆன செலவை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இதைப் போலச் சந்திக்கும் இடங்கள் இன்னும் உண்டு. தரை போடுவதற்கு முன்பே ஸ்கர்ட்டிங் அடித்துவிட்டு, புதுத் தரை உயர்ந்து பாதிப் பட்டையை விழுங்குவது. உயரமான ஸ்கர்ட்டிங் வாங்கிய பிறகு, தாழ்வாக வைத்த பிளக் பாயின்ட் குறுக்கே வருவது. அலமாரிக் கதவு திறக்கும்போது கார்னிஸில் முட்டுவது. ஜன்னல் சட்டத்தைவிடச் சுவர் தடிமனாக இருந்தால், பட்டை அடிக்கும் முன் இடையில் மரம் வைத்து நீட்ட வேண்டும். இது கொட்டேஷனில் அடிக்கடி விட்டுப்போகிற வரி.

மரம் வந்த அன்றே அடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவதும் செலவுதான். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். பொருத்தப்போகும் அறையிலேயே சில நாள் அடுக்கி வைத்த பிறகு அடித்தால், இணைப்புகள் பின்னால் வாய் திறப்பது குறையும். பூச்சு ஈரம் காயாத அறையில் அடுக்கி வைத்தால் பலன் இல்லை. அது காயும்வரை தச்சரை வரச் சொல்லாதீர்கள்.

பழைய பட்டையைப் பிடுங்க வேண்டியிருந்தால் அதற்குத் தனி வரி போடுங்கள். பிடுங்கும்போது பூச்சும் கூடவே பெயர்ந்து வரும், ஒட்டுப்பூச்சுச் செலவு நிச்சயம். பல பத்தாண்டு பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், சோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

இத்தனையும் எழுதிய பிறகு, மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் கையிருப்பாக ஒதுக்குங்கள். பழைய வீடு என்றால் 20 பக்கமே நில்லுங்கள். அதைத் தச்சரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

முழு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு கதவின் கீழ்மூலையை மட்டும், ஸ்கர்ட்டிங்கும் கதவுப் பட்டையும் சேரும் அந்த ஓரடியை, பெயின்ட் உட்படச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள். அந்த ஓரடிக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால், கொட்டேஷனில் உள்ள கூலி நிஜமா இல்லையா என்பதும் புரிந்துவிடும்.