குளிருக்கு மெக்சிக்கோவில் டிரெய்லர் போட வருகிறீர்களா?

ரொறன்ரோவில் பனி தொடங்கியதும், தங்கி வாழும் வசதியுள்ள டிரெய்லரை வாகனத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு மெக்சிக்கோவுக்கு வரப்போகிறோம், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு குடும்பங்கள் கேட்டிருந்தார்கள். தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நாங்கள் தங்குவது நயாரித் மாநிலத்தில், பசிபிக் கரையில், ரின்கோன் தெ குவாயாபித்தோஸ் என்ற சிற்றூர். கடற்கரையை ஒட்டி, டிரெய்லரை நிறுத்தித் தங்கும் சின்னச் சின்ன டிரெய்லர் பார்க்குகள் உண்டு.

முதலில் நாட்கணக்கு. சுற்றுலாப் பயணிக்கு மெக்சிக்கோ தருவது அதிகபட்சம் 180 நாள். எல்லை அதிகாரி எத்தனை நாள் எழுதினார் என்று அங்கேயே பாருங்கள், குறைவாக இருந்தால் அப்போதே கேளுங்கள். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி தொடர எந்த 12 மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருந்தாக வேண்டும். அப்பா அம்மாவுக்கு ஓய்வூதியத்தோடு ஜிஐஎஸ் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான கூடுதல் உதவித்தொகை) வருகிறதென்றால், ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே நின்றால் அது நின்றுவிடும், வழியில் அமெரிக்காவில் கழித்த நாட்களும் அதில் சேரும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்குக் கனடா நிரந்தர வதிவிட அட்டை இருந்தால் மெக்சிக்கோ விசா வேண்டாம், ஆனால் தரைவழியாக வர அமெரிக்க விசா வேண்டுமே, அதை மறந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து மெக்சிக்கோவுக்குள் நுழையும் நொகாலெஸ் எல்லையைத் தாண்டி 21ஆவது கிலோமீற்றரில் நீங்களாகவே வண்டியை நிறுத்தி, டிரெய்லரை இழுக்கும் வாகனத்துக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். இந்த அனுமதியைத் தரும் பான்ஹெர்சிட்டோ வங்கியில் மாடல் ஆண்டைப் பொறுத்து 200 முதல் 400 அமெரிக்க டொலர் வைப்புப் பணம் வாங்குவார்கள். திரும்பும்போது அனுமதியை ரத்துச் செய்யாமல் போனால் அந்தப் பணம் போச்சு. கனடா வாகனக் காப்புறுதி இங்கே செல்லாது, மெக்சிக்கோவுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள், வீதியில் மாடு நிற்கும். ஊர் தொடங்கும் இடத்தில் தோப்பே என்கிற வேகத்தடை வரும், சில இடங்களில் பலகைகூட இருக்காது.

சரி, பார்க்குக்கு வந்தாயிற்று. இங்கே நான் அதிகம் வலியுறுத்துவது மின்சாரத்தைத்தான். பழைய பார்க்குகளில் பல இடங்களுக்கு 15 அம்பியர் இணைப்புத்தான் இருக்கும், அதே கம்பியில் பக்கத்து வரிசையும் தொங்கும். முதல் வருடம் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் சம்பலுக்குத் தேங்காய் அரைக்க கிரைண்டரையும் போட்டேன், எங்கள் வரிசை முழுவதும் இருட்டாகிவிட்டது, ஒட்சிசன் இயந்திரம் வைத்திருந்த ஒரு முதியவர் அதே வரிசையில் இருந்தார். அன்றிலிருந்து சுவரில் செருகும் சின்ன வோல்ட்மீற்றர் ஒன்று எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். 120 வோல்ட்டில் நிற்கும் எண், பின்னேரம் எல்லோரும் ஏசி போடும்போது மெல்ல மெல்ல இறங்கும். 105க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்துங்கள், கொம்பிரசர் எரிந்துவிடும். நல்ல மின்காப்புக் கருவி வாங்கும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீர் குளிக்க, கழுவ. குடிக்க, சமைக்க கர்ரஃபோன் என்கிற 20 லீற்றர் தண்ணீர்ப் போத்தல். வெறும் போத்தலைக் கொடுத்து நிரம்பியதை வாங்குங்கள். கழிவறைத் தாளைக் கழிவறைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்தில் இருக்கும் கூடையில் போடுவதுதான் இங்கே வழக்கம்.

சாப்பாட்டுக்கு அரை டிரெய்லர் நிறைய மூட்டை கட்டி வரத் தேவையே இல்லை, இதை மனதார நம்பிச் சொல்கிறேன். மிளகாய், தக்காளி, பப்பாசி, கொய்யா, சௌசௌ எல்லாம் இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்துதானே நம்மிடம் வந்தன. பக்கத்து ஊரான லா பெஞ்ஞித்தாவில் வியாழக்கிழமை சந்தை. செத்தல் மிளகாய்க்குப் பதில் சில்லே தெ ஆர்போல் வாங்குங்கள், உறைப்பு அதில் இருக்கிறது. நிறத்துக்குக் குவாஹியோ என்ற காய்ந்த மிளகாய் இரண்டு சேர்த்தால் குழம்பு சிவந்து வரும். புளி தமரிந்தோ என்ற பெயரில் ஓட்டோடு கிடைக்கும். படகுக்காரரிடம் சியர்ரா மீன் கேளுங்கள், நம் அறக்குளாவின் சொந்தக்காரன், பொரித்தால் வித்தியாசமே தெரியாது. தொர்த்திய்யா என்ற சோள ரொட்டிக் கடைக்குச் சுத்தமான துணி ஒன்றோடு போய் அரைக் கிலோ சுடச்சுட வாங்கி, தேங்காய்ச் சம்பலோடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். கறிவேப்பிலையும் உளுந்தும்தான் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் மனிதர்கள். காலையில் யாரைக் கண்டாலும் நீங்களே முதலில் "புவெனோஸ் தியாஸ்" (காலை வணக்கம்) சொல்லுங்கள், சாப்பிடுகிறவரைக் கடக்கும்போது "புவென் ப்ரொவேச்சோ" (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொல்லுங்கள். நம்மவர்கள் கூச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எங்கள் கேஸ் கசிந்த இரவில் ஓடிவந்து வால்வை மூடியவர் தினமும் நாங்கள் வணக்கம் சொல்லிப் பழகிய காவல்காரர்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய வாரம் உள்நாட்டுக் குடும்பங்கள் கடற்கரையை நிறைத்துவிடும், இரவிரவாகப் பாட்டு இருக்கும். அமைதி வேண்டுமென்றால் அதற்கு முன் கிளம்புங்கள். அடுத்த வருடமும் அதே இடம் வேண்டுமென்றால், புறப்படும் முன்பே பார்க் உரிமையாளரிடம் சொல்லி முன்பணம் கட்டி, பற்றுச்சீட்டில் இட எண்ணை எழுதி வாங்குங்கள்.