பி0420 வந்ததா? கேட்கானைக் கழற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மச்சானின் பெட்ரோல் காரில் போன ஐப்பசியில் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பி0420 வருது, கேட்கான் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். பி0420 என்பது வண்டியின் கம்ப்யூட்டர் போடும் ஒரு பிழைக் குறியீடு. விலையைக் கேட்டதும் மச்சான் வண்டியை நேராக என் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டார். கடைசியில் அதற்குத் தேவைப்பட்டது ஒரு பேக்கிங்கும் இரண்டு போல்ட்டும்தான். அன்று பார்த்ததைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

கேட்கான் என்பது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். என்ஜினுக்கும் சைலென்சருக்கும் நடுவே குழாயில் இருக்கும் டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது கேடு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-லேயே கட்டாயமாக்கினார்கள். "டப்பாவைக் குடைந்து வெறும் குழாயா ஆக்கிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மணலி, எண்ணூர்க் காற்றை மூச்சிழுக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு புகை வேண்டாம்.

இந்தக் குறியீடு எப்படி வருகிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கேட்கானுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் இருக்கும். முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கேட்கான் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து, தேவைப்படும்போது வெளியே விடுவதால், பின் சென்சார் பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். பின்னது முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் பி0420 போடும். அதாவது கம்ப்யூட்டர் கேட்கானைப் பார்ப்பதில்லை, சென்சார் சொல்வதைத்தான் நம்புகிறது. சென்சாரை ஏமாற்றும் எதுவும் இந்தக் குறியீட்டை வரவழைக்கும்.

முதல் வேலை: எல்லாக் குறியீட்டையும் படிப்பது

வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்து பாருங்கள். பி0420-உடன் பி0300 முதல் பி0304 வரை ஏதாவது இருந்தால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரிவதில்லை. ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் முதலில் பாருங்கள். பி0171, பி0172 இருந்தால் பெட்ரோல் கலவை கோளாறு. அவற்றைச் சரிசெய்த பிறகுதான் கேட்கானைப் பற்றிப் பேச வேண்டும். என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும்.

அடுத்தது: லீக்

இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். நம் கடலோரத்தில் உப்புக்காற்றுக்கு, குழாய்கள் இணையும் ஃபிளேஞ்ச் தட்டின் போல்ட் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். விடிகாலையில், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் செய்யுங்கள். அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். ஒருவர் வண்டியை ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் ஈரத்துணியை மடித்துச் சைலென்சர் வாயில் சில நொடி அழுத்திப் பிடிக்க, நீங்கள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மச்சான் வண்டியில் முன் சென்சாருக்கு அருகே "ச்சிக் ச்சிக்" என்று ஒரு சத்தம். டார்ச் அடித்தால் ஃபிளேஞ்ச் ஓரமாகக் கண்மை தீட்டியது மாதிரி கரிக்கோடு. சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும் அங்கேதான் நுரை பொங்கியது. இந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதை மிச்ச ஆக்ஸிஜன் என்று எண்ணிக்கொள்ளும். குழாய் சூடாகிவிட்டால் உலோகம் விரிந்து சில லீக் தானே அடைந்துவிடும், அதனால்தான் விடிகாலை.

அப்புறம்: கிராஃப்

பதினைந்து நிமிடம் ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். வண்டியை நிறுத்தி 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் வைத்து, இரண்டு சென்சாரையும் ஆப்பில் ஒரே திரையில் பாருங்கள். பின் கோடு நேராக நின்றால் கேட்கான் நல்லபடி வேலை செய்கிறது. முன்னதுடன் சேர்ந்து ஆடினால், லீக்கும் மிஸ்ஸிங்கும் இல்லை என்றால், கேட்கான்தான் தேய்ந்திருக்கிறது. சில வண்டிகளில் முன் சென்சார் வேறு வகை, இந்த ஏற்ற இறக்கமே காட்டாது. அங்கே பின் கோட்டை மட்டும் கவனியுங்கள்.

ரப்பர் சுத்தியலால் டப்பாவை லேசாகத் தட்டும்போது உள்ளே கலகலவென்று கேட்டால் பீங்கான் உடைந்திருக்கிறது. வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீரில் சூடான வண்டியை விட்டால் இப்படி ஆகலாம். பிக்கப் செத்து, மேட்டில் ஏறத் திணறினால் உள்ளே அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

கேட்கான் தானாகச் சாவது அபூர்வம். ஆயில் குறைந்துகொண்டே வருகிறதா, கூலன்ட் குறைகிறதா, பிளக் கறுத்திருக்கிறதா என்று பார்த்து, அதை முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

கழற்றும் முந்தைய இரவே போல்ட்டுகளில் துரு எடுக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். பல வண்டிகளில் சென்சாருக்கு 22 எம்எம் ஸ்பானர் சரியாக இருக்கும். ஒயர் முறுக்காமல் திருப்புங்கள். பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள், எப்போதும் புதியது. சென்சார் பக்கத்தில் சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவவே கூடாது, அது சென்சாரைக் கெடுக்கும்.

பழைய டப்பாவைக் காயலான் கடையில் இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே பிளாட்டினம் இருக்கிறது, இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

முடித்ததும் குறியீட்டை அழித்துவிட்டு, மாதவரத்திலிருந்து செங்குன்றம் தாண்டி காரனோடை வரை ஒரே சீரான வேகத்தில் ஒரு நடை போய் வாருங்கள். கம்ப்யூட்டர் தன் சோதனையைச் செய்ய அப்படி ஓட்டம் வேண்டும். மச்சான் வண்டி இரண்டாம் நாள் திரும்பி வந்தபோது பின் சென்சாரின் கோடு 0.7-ல் அசையாமல் நின்றது.